மேல்வரிசை நான்கு பற்கள்

என் தொழிலில் பாராட்டு கிடையாது. கழற்றி மாட்டும் பல்லைப் போட்டுக்கொண்டு ஒருவர் சிரித்தால், எதிரில் இருப்பவருக்கு அது பல்லாகத்தான் தெரிய வேண்டும். வேலையாகத் தெரிந்தால் அது மோசமான வேலை. தெரியாவிட்டால், அதைச் செய்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதும் தெரியாது. முப்பத்தொரு வருடமாக ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பைச் செய்து கொடுத்துவிட்டு, தெருவில் அவர்களைப் பார்த்தால் யாரோ எவரோ என்று போய்க்கொண்டிருந்தேன். அவர்களும் அப்படித்தான் போனார்கள். அதுதான் எங்களுக்குள் இருந்த மரியாதை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பண்ணிய கேவலத்துக்கு எல்லோரும் ஒரு மெஷின்மேல் பழி போடுகிறார்கள். மனைவி, மகள், நரம்பு டாக்டர், மூன்று பேரும் ஒரே பேச்சு. நானும் கொஞ்ச நாள் அதையே சொல்லிப் பார்த்தேன். சௌகரியமாகத்தான் இருந்தது.

ஐம்பத்திரண்டு வயதில் வலது கைக் கட்டைவிரல் தானாக ஆட ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார்கள். அரிசி அளவு மெழுகைச் சூடான கத்தி நுனியில் எடுத்து வைக்கிறவனுக்கு வரக்கூடாத வியாதி ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஐந்து வருடம் மாத்திரையில் ஓட்டினேன். கடைசியில் சட்டைப் பட்டனைக்கூட மனைவிதான் போட்டுவிட்டாள். டாக்டரம்மா, அதாவது எங்கள் ஆஸ்பத்திரி முதலாளி, நல்ல மனுஷி. வேலையை விட்டு நிறுத்தாமல் பிளாஸ்டர் மாவு கரைத்துப் பல் அச்சு ஊற்றும் வேலையை மட்டும் கொடுத்தார். அதிலும் பாதி என் பேன்ட்டில்தான் கொட்டியது.

பிறகு ஆபரேஷன். மண்டையில் இரண்டு துளை, மூளைக்குள் இரண்டு கம்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் தீப்பெட்டி மாதிரி ஒரு பேட்டரி. மூன்று வாரம் கழித்து நரம்பு டாக்டர் தன் கருவியைத் தட்டிக் கரண்டை ஏற்றினார். என் கை மேஜைமேல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு படி, இரண்டு படி, மூன்றாவது படியில் நின்றுவிட்டது. யாரோ வந்து கையைப் பிடித்துக்கொண்டது போல நின்றது. மனைவி ஓவென்று அழுதாள். நான் அழவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அதற்கப்புறம் இரண்டு மாதம் நிற்கவே இல்லை.

முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். "பழைய ஆளு திரும்பி வந்துட்டாருடி" என்று மனைவி மகளிடம் போனில் சொன்னாள். பத்து நாள் கழித்து, "பழைய ஆளு இவ்வளவு பேச மாட்டாரே" என்றாள். நான் பேசினேன். பஸ்ஸில் கண்டக்டரை நிறுத்தி, "தம்பி, அந்த முன்பல்லை இப்படியே விடக்கூடாது, நாளைக்கே வா, இனாமாப் பண்ணித் தரேன்" என்றேன். காத்திருக்கும் அறைக்குள் போய் நோயாளிகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். டாக்டரம்மாவிடம் அவர் தொழிலைப் பற்றியே ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். வீட்டு வாசற்கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தேன். பக்கத்து வீட்டுக் கதவுக்கும் அடித்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இதுவும் ஒரு வியாதி என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. இவ்வளவு நல்லா இருக்கிறவனுக்கு என்ன வியாதி?

இப்போது சம்பந்தியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகளுடைய மாமியார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், எங்களுக்குள் எந்த உறவும் இல்லாத காலத்தில், பள்ளிக்கூடப் படியில் விழுந்து மேல்வரிசையில் நான்கு முன்பற்களை உடைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் வந்தார். அவருடைய கணவர் அப்போது வெளியூரில் ஒரு வருட வேலையில் இருந்தார். அவருக்குத் தெரியவே கூடாது என்பது ஒன்றுதான் அந்த அம்மாள் கேட்டது. நான்தான் பல் கட்டினேன். நேராக, வரிசையாக, முத்து மாதிரி. நான் செய்ததிலேயே அதுதான் உச்சம். கணவர் திரும்பி வந்தபோது, கம்பி போட்டுப் பல்லை நேராக்கிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவரும் நம்பிவிட்டார். இருபத்திரண்டு வருடம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பல் கழுவிய பெண்மணி அவர்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து இரண்டு குடும்பமும் முதன்முதலில் ஒரு ஓட்டலில் சந்தித்தபோது அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். அவ்வளவுதான். ஆறு வருடம் நாங்கள் சம்பந்திகளாக, ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசாமல், நல்லபடியாக இருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து எனக்காகத்தான். எனக்குக் கை சரியானதற்குச் சம்பந்தியம்மா தன் கையால் சமைத்துப் போட்ட சாப்பாடு. சம்பந்தி, அவருடைய தம்பி குடும்பம், பக்கத்து வீட்டு இரண்டு பேர், மகள், மாப்பிள்ளை, நாங்கள் என்று பன்னிரண்டு பேர் மேஜையைச் சுற்றி இருந்தோம். நான் தண்ணீர் ஜாடியை ஒற்றைக் கையில் தூக்கி, விளிம்பு வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாமல் எல்லோருடைய டம்ளரையும் நிரப்பினேன். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குச் சாராயம் மாதிரி ஏறியது.

"அப்புறம் என்ன சம்பந்தி, மறுபடி பல்லு கட்ட ஆரம்பிக்க வேண்டியதுதானே?" என்றார் சம்பந்தி.

"ஆரம்பிக்கவா? என் கை எப்பேர்ப்பட்ட கைன்னு உங்களுக்குத் தெரியுமா? என் வேலைலயே நம்பர் ஒன்னு இந்த மேஜைலதான் உக்காந்திருக்கு."

மனைவி என் தொடையைக் கிள்ளினாள். எனக்கு உறைக்கவே இல்லை. எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு போனேன். சம்பந்தியம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை மிக லேசாக, வேண்டாம் என்பது போல ஆட்டினார். அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"டீச்சர், கொஞ்சம் சிரிங்க" என்றேன். அவருடைய முகவாயை இரண்டு விரலால் பிடித்து, மெழுகு அச்சை வெளிச்சத்துக்குத் திருப்புவேனே, அப்படி ஜன்னல் பக்கம் திருப்பினேன். "மேல் நாலு. நான் கட்டினது. இருபத்திரண்டு வருஷம்! பக்கத்துல படுக்கிற மனுஷனுக்கே தெரியல, பாத்தீங்களா?"

முதலில் சிரித்தது சம்பந்திதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி, கம்பி போட்டேன்னியே!" தம்பி சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். சம்பந்தியம்மா கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

வீடு திரும்பும் வழியில் நான் மனைவியிடம் கேட்டேன்: "விருந்து ஜோராப் போச்சு இல்ல?"

மறுநாள் காலையில் அவள் என்னை நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நல்லவர், என்னைவிடச் சின்னவர். மனைவி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு எழுதினார். "உங்க மேல தப்பு இல்லீங்க. கையை ஆடாம வெக்கிற இடமும் மனசைக் கட்டுக்குள்ள வெக்கிற இடமும் மூளைல பக்கத்துப் பக்கத்து வீடு. கரண்ட் கொஞ்சம் அந்த வீட்டுக்கும் போயிருக்கு. சிலருக்கு இப்படி ஆகும். அது நீங்க இல்ல" என்றார். கரண்டை இரண்டு படி இறக்கினார். ரொம்ப அவசியமென்றால் ஏற்றிக்கொள்ள அந்த இரண்டு படியை, வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுத்த ரிமோட்டில் விட்டுவைத்தார். ஆனால் ரிமோட் மனைவி கையில்தான் இருக்க வேண்டும், போன் பண்ணிக் கேட்காமல் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மனைவி அதைத் தன் கைப்பைக்குள் சாவிக்கொத்தோடு போட்டுக்கொண்டாள்.

பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்கள். பிடுங்கும்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து மரத்தது இறங்க இறங்கத்தான் வலி ஆரம்பிக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. பத்து நாளில் கை மறுபடி ஆடத் தொடங்கியது. பழைய அளவு இல்லை, பாதி. கூடவே ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கண்டக்டர். பக்கத்து வீட்டுக் கதவு. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. என் இரண்டு விரலில் அந்த அம்மாளுடைய முகவாய். பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தால் பிரஷ்ஷை அப்படியே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "அது என் பேஷண்டோட ரகசியம். உங்களுக்கு உடம்பு சரியில்லைங்கிறதாலதான் நீங்க இன்னும் இங்க இருக்கீங்க." நான் மறுபடி மாவு கரைக்கப் போனேன்.

மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்மாவிடம் மட்டும் பேசுவாள். அப்படித்தான் எனக்குச் செய்தி வரும். அத்தை அன்றைக்கே பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாராம். அதைத் தொடுவதே இல்லையாம். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுகிறாராம். டியூஷன் பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மாமா அவரைப் பல்செட்டை வைத்து "செட்டம்மா" என்று கூப்பிடுகிறாராம், வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னாலும். "விளையாட்டுக்குத்தானேங்கிறாரு" என்று மகள் அழுதாளாம். "அப்பாவை இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லும்மா."

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். என் கையெழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. 'மெஷின் செய்த கோளாறு' என்று ஒரு வரி வந்தது. அந்த வரிக்குப் பிறகு எழுத முடியவில்லை. ஏனென்றால் அது பாதிப் பொய். மெஷினுக்கு அந்த அம்மாளைத் தெரியுமா? நாலு பல்லைத் தெரியுமா? மகளின் கல்யாணத்தில் எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சம்பந்தியம்மா சிரிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், என் வேலையைப் பார்க்க. 'இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தனுக்காவது தெரியுமா இது என் கைன்னு' என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக அந்த ஆசை வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பியிருக்கிறது. மெஷின் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே நின்றுகொண்டிருந்தவன் நான். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பின்னறைக் கதவில் டாக்டரம்மா நின்றார். அவருக்குப் பின்னால் கைக்குட்டையோடு சம்பந்தியம்மா.

நான் எழுந்தேன். கால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

"புதுசா அச்சு எடுத்திருக்கேன். ஈறு நிறைய சுருங்கியிருக்கு, பழசு பொருந்தாது. வேற இடத்துல பண்ணித் தரேன்னு சொன்னேன், இவங்கதான் உங்ககிட்டயே வரணும்னாங்க" என்றார் டாக்டரம்மா. முன்பல் என்றால் ஆளை எதிரில் உட்கார வைத்துப் பார்த்துத்தான் மெழுகில் அடுக்குவேன். அது என் பழக்கம். அதற்காக அவரை என்னிடம் விட்டுவிட்டு டாக்டரம்மா போனார்.

சம்பந்தியம்மா கைப்பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பதினெட்டு வயதுப் பெண். சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் அரைவாசி ஏறி உட்கார்ந்திருந்தது.

"இப்படி வேணும்" என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"கோணலாவா?"

"அது என் பல்லு. அப்பவே கேட்டேன், பழையபடி கொஞ்சம் கோணலா வெக்க முடியுமான்னு. நீங்க சிரிச்சீங்க. கோணலை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களாம்மான்னீங்க. மெழுகுல வெச்சுக் காட்டி, பிடிச்சிருக்கான்னு கேக்கணுமாமே? டாக்டரம்மா இப்பதான் சொன்னாங்க. நீங்க கேக்கவே இல்ல. நேரா செஞ்சு குடுத்துட்டீங்க. இருபத்திரண்டு வருஷமா கண்ணாடில வேற யாரோ சிரிக்கிறாங்க."

என் உச்சம். என் நம்பர் ஒன். எதை வைத்து அந்த அம்மாளை ஊர் முன்னால் அம்பலப்படுத்தினேனோ, அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. அவமானத்துக்கு ஒரு அடித்தளம் இருக்கும், அதற்குக் கீழே போக முடியாது என்று நினைத்திருந்தேன். அதற்குக் கீழேயும் இடம் இருந்தது.

"இப்ப மறைக்க ஒண்ணும் இல்ல. ஊருக்கே தெரியும். அப்ப என் பல்லையே போட்டுக்கறேன். உங்களால முடியுமா, முடியாதா?"

கையை நீட்டிக் காட்டினேன். ஆடியது. நேராக அடுக்குவதைவிடக் கோணலாக அடுக்குவது கஷ்டம். நேருக்கு ஒரு அளவு உண்டு. இன்னாருடைய கோணலுக்கு அளவு கிடையாது, கண்ணும் கையும்தான்.

மனைவிக்குப் போன் பண்ணினேன். அவள் நரம்பு டாக்டருக்குப் பண்ணினாள். இரண்டு மணி நேரம் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், அவள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எனக்குப் பேச்சு அதிகமானால் உடனே இறக்கிவிட வேண்டும் என்று சொன்னாராம். அவள் ஆட்டோ பிடித்து வந்தாள். சம்பந்தியம்மாவைப் பார்த்ததும் அழுகையை அடக்கிக்கொண்டு, ரிமோட்டை வெளியே எடுத்தாள்.

"இருடி" என்றேன்.

மெழுகுத் தகட்டில் ஒரு துண்டை வெட்டி, சூடு காட்டி உருட்டி, கடிக்கிற அளவுக்கு ஒரு கட்டியாக்கினேன். அளவு எடுக்கும்போது நோயாளியின் வாயில் வைப்பது. அதை என் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். மேலும் கீழும் பல் பதிந்து வாய் பூட்டிக்கொண்டது. ஏற்று என்று தலையாட்டினேன். மனைவி என்னையே பார்த்தாள். பிறகு ஏற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் கை நின்றது. அடுத்த கால் மணி நேரத்தில் அந்தச் சந்தோஷமும் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். பழைய சிநேகிதன் கதவைத் தட்டியது போல வந்தது. கத்தி நுனியில் மெழுகு சொட்டச் சொட்ட, பல் ஒவ்வொன்றாக உட்கார, எனக்குப் பேச்சு பொங்கியது. 'டீச்சர், பாத்தீங்களா இந்தக் கையை' என்றது. 'இது அதைவிட உச்சம்' என்றது. 'வெளிய போய் எல்லாருக்கும் காட்டலாம்' என்றது. தொண்டையிலிருந்து "ம்ம், ம்ம்" என்று சத்தம் மட்டும் வந்தது. எச்சில் ஒழுகியது. மனைவி துடைத்துவிட்டாள். சம்பந்தியம்மா எதிரில் உட்கார்ந்து, தலைமையாசிரியைப் பார்வையில், நான் பிதற்ற முடியாமல் பிதற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேரம். மெழுகைக் கடித்துக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் மேஜையைத் தட்டினேன். மனைவி இறக்கினாள். கை மெல்ல ஆட ஆரம்பிக்கும் வரை காத்திருந்தேன். அதற்கு முன் வாயைத் திறக்க எனக்குத் தைரியமில்லை. பிறகு கட்டியை வெளியே எடுத்தேன். இரண்டு பக்கமும் கடிபட்டு நடுவில் காகிதம் போல ஆகியிருந்தது.

சம்பந்தியம்மா அதைப் பார்த்தார். "மெஷின்தான் பேசிச்சுன்னு மருமக சொன்னா. அப்படியா?"

ஆமாம் என்றால் எல்லாம் முடிந்தது. மனைவி ஆமாம் சொல்லு என்று கண்ணால் கெஞ்சினாள்.

"வாயைத் திறந்தது மெஷினும்மா. சொல்லணுங்கிற ஆசை எனக்கு ரொம்ப நாளா இருந்துச்சு."

"தெரியும்" என்றார். "கல்யாணத்தன்னிக்கு என் முகத்தைப் பாத்தா பேசினீங்க? பல்லைப் பாத்துத்தானே பேசினீங்க."

அவர் திரும்பிக்கொண்டு, மெழுகில் அடுக்கிய பற்களை வாயில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை எடுத்தார். நான் வழக்கம்போல மேலே ஃபேனைப் பார்த்தேன்.

"அங்க என்ன இருக்கு? இங்க பாருங்க" என்றார்.

பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன், நெற்றியைப் பார்த்தேன், அறுபது வயது முகத்தைப் பார்த்தேன். அப்புறம்தான் பல். ஒன்றின்மேல் ஒன்று அரைவாசி ஏறி உட்கார்ந்திருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல வாய் துடித்தது. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அது மடியிலும் ஆடியது.

"உங்களுக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இதைக் கேக்க இருபத்திரண்டு வருஷம்" என்றார். பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லவில்லை. என்னிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. மெழுகைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வருவதாக டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனார். முன்பல் இல்லாத வாயோடுதான் போனார். கைக்குட்டை என் மேஜைமேலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிய என் மனைவியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.